ரூபி செருகுநிரலின் சி நீட்சியை எங்கே கம்பைல் செய்வது: மூன்று வழிகளின் ஒப்பீடு

ரூபியில் எழுதிய செருகுநிரல் ஒன்றில் வேகம் போதாமல் போகும்போதும், சி மொழியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு லைப்ரரியை ரூபியிலிருந்து அழைக்க வேண்டிய தேவை எழும்போதும், சி நீட்சி, அதாவது சி மொழியில் எழுதி ரூபிக்குள் ஏற்றும் பகுதி, எழுதுவதே இயல்பான வழியாகத் தோன்றுகிறது. ஆனால் நிரலை எழுதி முடிப்பது அந்த வேலையில் சிறிய பங்குதான். விண்டோஸிலும் மேக்ஓஎஸிலும் லினக்ஸின் பல வகைகளிலும் பயனர்கள் அதைச் சிரமமின்றி நிறுவிக்கொள்ளும்படி செய்வதும், ஒவ்வோர் ஆண்டும் வரும் புதிய ரூபிப் பதிப்புக்கு ஏற்ப அதைப் பேணிவருவதும்தான் பெரும்பங்கு. அந்தச் சுமையை யார் தாங்குவது என்பதே இங்கே எடுக்க வேண்டிய முடிவு.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூலநிரலை அப்படியே ஜெம்மாக (ரூபிக்கான நிறுவல் தொகுப்பாக) வெளியிட்டு, நிறுவும் நேரத்தில் பயனரின் கணினியிலேயே கம்பைல் ஆக (கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற) விடுவது முதல் வழி. ஒவ்வொரு தளத்துக்கும் முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரியை வெளியிடுவது இரண்டாவது வழி. நீட்சிக்கென்று சி நிரலே எழுதாமல், சி ஃபங்ஷன்களை ரூபியிலிருந்து அழைக்க உதவும் எஃப்எஃப்ஐ அல்லது ஃபிடில் வழியாக லைப்ரரியை நேரடியாக அழைப்பது மூன்றாவது வழி. பயனர்கள் நிரலாளர்கள் அல்லர் என்றால் கம்பைலரை அவர்கள் கையில் கொடுக்கும் முதல் வழியை யோசிக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவர்கள் நிரலாளர்களாகவே இருந்தாலும், அதை மட்டும் நம்பியிருப்பது இன்று போதாது.

கம்பைல் ஆகும்போது நடப்பது

நிறுவும் கட்டளையைக் கொடுத்ததும், ஜெம்முக்குள் இருக்கும் எக்ஸ்ட்கான்ஃப் என்ற ரூபிக் கோப்பு முதலில் ஓடுகிறது. ரூபியுடனேயே வரும் எம்கேஎம்எஃப் லைப்ரரியைக் கொண்டு, தேவையான ஹெடர் கோப்புகள் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகளைக் கொண்டவை) இருக்கின்றனவா, குறிப்பிட்ட ஃபங்ஷன் குறிப்பிட்ட லைப்ரரியில் கிடைக்கிறதா என்று அது சோதிக்கிறது. சோதிக்கும் முறை எளிமையானது: கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் சில வரிகள் மட்டுமே கொண்ட சி கோப்பு ஒன்றை எழுதி, அதைக் கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் அந்த அம்சம் உண்டு, ஆகாவிட்டால் இல்லை. இந்த விடைகளை வைத்து ஒரு மேக்ஃபைல் (கம்பைல் செய்யும் படிகளின் பட்டியல்) உருவாகிறது. பிறகு மேக் கட்டளை ஓடி, ரூபி ஏற்றிக்கொள்ளக்கூடிய பைனரி ஒன்று பிறக்கிறது. லினக்ஸில் அந்தக் கோப்பின் பின்னொட்டு எஸ்ஓ. மேக்ஓஎஸில் பண்டில். விண்டோஸில் உள்ளபடியே அது ஒரு டிஎல்எல் என்றாலும், பெயர் எஸ்ஓ என்றே முடிகிறது.

எந்தக் கம்பைலர், எந்தத் தெரிவுகள் என்பதை எம்கேஎம்எஃப் தானாக முடிவுசெய்வதில்லை. ரூபி எந்தக் கம்பைலரால், எந்தத் தெரிவுகளுடன் உருவாக்கப்பட்டதோ, அந்த விவரங்கள் ஆர்பிகான்ஃபிக் என்ற மாட்யூலில் பதிந்துள்ளன. அவற்றையே அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீட்சி கம்பைல் ஆகும் சூழல், ரூபி கம்பைல் ஆன சூழலோடு பொருந்த வேண்டும். இயங்குதளத்துக்கு இயங்குதளம் தோன்றும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தம் குலைவதால் வருபவை.

இத்துடன் ரூபியின் பதிப்பும் சேர்கிறது. 3.3.1-க்காகக் கம்பைல் செய்த நீட்சி 3.3.6-இலும் வேலை செய்யும்; ஆனால் 3.4-இல் வேலை செய்யும் என்ற உறுதி கிடையாது. இரண்டாவது எண் மாறும்போது உள் கட்டமைப்புகளும் மாறலாம் என்பது ரூபியின் நடைமுறை. புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று வெளிவருவதால், அந்த நாள் நீட்சி எழுதுபவரின் நாட்காட்டியில் நிலையாகக் குறித்து வைக்கப்பட வேண்டிய நாளாகிறது.

லினக்ஸ்

கம்பைல் செய்வதற்கு லினக்ஸ் மிகவும் இணக்கமானது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பில்ட்-எசென்ஷியல், ரூபி-டெவ் ஆகிய தொகுப்புகளும், ஃபெடோராவில் ரூபி-டெவெல் தொகுப்பும் இருந்தால் பெரும்பாலான நீட்சிகள் முதல் முயற்சியிலேயே கம்பைல் ஆகிவிடும். ஆனால் ஒரு லினக்ஸில் கம்பைல் செய்த பைனரியை இன்னொரு லினக்ஸுக்குக் கொண்டுபோவது வேறு கதை. லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி, உபுண்டு 22.04-இல் 2.35 பதிப்பு, உபுண்டு 20.04-இல் 2.31. புதியதில் கம்பைல் செய்தால், குறிப்பிட்ட ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை என்று பழையது ஏற்ற மறுக்கக்கூடும். பழையதில் கம்பைல் செய்து புதியதில் ஓட்டுவதில் இந்தத் தடை இல்லை. முன்கூட்டியே கம்பைல் செய்து வெளியிடுபவர்கள் வேண்டுமென்றே பழைய லினக்ஸைத் தேடிப் பிடித்து அதில் கம்பைல் செய்வதற்குக் காரணம் இதுவே.

ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சியைப் பயன்படுத்துவதே இல்லை. அதில் இருப்பது மசில் என்ற வேறொரு சி லைப்ரரி. செயலிகளைத் தனித்தனியே பொதிந்து ஓட்டும் கன்டெய்னர்களில் ஆல்பைன் மிகப் பரவலாக இருப்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஜெம்களை நிறுவும் கருவிகளான ரூபிஜெம்ஸ் 3.3.22, பண்ட்லர் 2.3.21 ஆகிய பதிப்புகள் முதல்தான் இந்த இரண்டு வகை லினக்ஸையும் தனித்தனித் தளங்களாகப் பிரித்தறியும் வசதி முறையாகக் கிடைக்கிறது. அதைவிடப் பழைய பதிப்பை வைத்திருப்பவருக்குத் தவறான பைனரி போய்ச் சேரலாம்.

மேக்ஓஎஸ்

மேக்ஓஎஸில் முதல் தேவை கட்டளைவரிக் கருவிகள். எக்ஸ்கோட்-செலக்ட் கட்டளை ஒன்றைக் கொடுத்து அவற்றை நிறுவிக்கொள்ளலாம். அதன் பிறகு வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, கணினியோடு வரும் ரூபி. அது 2.6 பதிப்பிலேயே நின்றுவிட்டது. அதற்காக நீட்சி கம்பைல் செய்ய முனைவது வீண் உழைப்பு, வேறொரு ரூபியை நிறுவிக்கொள்வதே சரி. இரண்டாவது, 2020-இல் வந்த ஆப்பிள் சிலிக்கான், அதாவது ஆப்பிளின் சொந்தச் செயலி. மென்பொருள் நிறுவும் கருவியான ஹோம்ப்ரூ, இன்டெல் கணினிகளில் யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவிலும், புதிய கணினிகளில் ஆப்ட்-ஹோம்ப்ரூ அடைவிலும் லைப்ரரிகளை வைக்கிறது. எக்ஸ்ட்கான்ஃபில் பழைய பாதையை நேரடியாக எழுதி வைத்திருக்கும் நீட்சிகள் இங்கே விழுந்துவிடும். ரூபி ஒரு செயலி வகைக்கும் லைப்ரரி இன்னொரு வகைக்கும் கம்பைல் ஆகியிருந்தால், லிங்கர் (கம்பைல் ஆன பகுதிகளை இணைக்கும் கருவி) அந்த லைப்ரரியை ஓர் எச்சரிக்கையோடு ஒதுக்கிவிட்டு, பிறகு ஃபங்ஷனைக் காணவில்லை என்று புகார் சொல்லும். கண்ணில் படுவது அந்தப் புகார் மட்டுமே என்பதால், காரணத்தைத் தேடி வேறெங்கோ அலைய நேரிடுகிறது.

மூன்றாவது, கையொப்பம். ஆப்பிள் சிலிக்கான் கணினியில் கையொப்பமில்லாத பைனரி ஓடாது. லிங்கர் தானாகவே எளிய கையொப்பம் ஒன்றை இட்டுவிடுவதால் சாதாரணமாக இது கண்ணில் படுவதில்லை. ஆனால் கம்பைல் செய்த பிறகு பைனரியைத் திருத்தினால் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். மறுபடி கையொப்பமிடாமல் வெளியிட்டால், நீட்சியை ஏற்றும் தருணத்திலேயே ரூபி எந்த விளக்கமுமின்றிக் கொல்லப்படும். முன்கூட்டியே கம்பைல் செய்பவர் மட்டுமே கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

விண்டோஸ்

விண்டோஸில் ரூபியைப் பெரும்பாலோர் ரூபிஇன்ஸ்டாலர் வழியாகவே நிறுவுகிறார்கள். ரூபி 2.4 முதல் இது எம்எஸ்ஒய்எஸ்2 என்ற கருவித்தொகுப்போடு இணைந்துள்ளது. டெவ்கிட் சேர்ந்த நிறுவியை எடுத்தாலோ, ரிட்க் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தாலோ ஜிசிசி கம்பைலர் வந்துவிடுகிறது. இவ்வளவு எளிதாக்கிய பிறகும் விண்டோஸ் தனியான கவனத்தைக் கேட்பதற்குக் காரணங்கள் ஆழமானவை.

ஒன்று, சி ரன்டைம், அதாவது ஓடும்போது சி நிரலுக்குத் துணைநிற்கும் லைப்ரரி. லினக்ஸில் ஒரு செயல்முறைக்குள் பொதுவாக ஒரே ஒரு சி லைப்ரரிதான் இருக்கும். விண்டோஸில் பல இருக்கலாம். ரூபி 3.0 வரை ரூபிஇன்ஸ்டாலர் பழைய எம்எஸ்விசிஆர்டி ரன்டைமைப் பயன்படுத்தியது, 3.1 முதல் யூசிஆர்டிக்கு மாறியது. தளத்தின் பெயரும் அப்போதே மாறியதால், முன்பு கம்பைல் செய்து வைத்திருந்த பைனரிகளை 3.1 எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டையும் கலப்பது ஆபத்தானது: ஒரு ரன்டைமின் மேலாக் ஃபங்ஷன் ஒதுக்கிக் கொடுத்த நினைவகத்தை, விடுவிப்பதற்காக மற்றொன்றின் ஃப்ரீ ஃபங்ஷனிடம் ஒப்படைத்தால் ஹீப் (நினைவகக் கையிருப்பு) சிதையும், ஒன்றில் திறந்த கோப்பை மற்றொன்றால் படிக்க முடியாது. விஷுவல் சி++ கொண்டு கம்பைல் செய்த லைப்ரரியை ஜிசிசியால் கம்பைல் ஆன நீட்சியோடு இணைக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. இத்தகைய பிழைகள் உடனே வெளிப்படுவதில்லை. நிரல் நெடுநேரம் ஓடிய பிறகு, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் சரிந்து விழும்.

இரண்டு, முழு எண்ணைக் குறிக்கும் லாங் என்ற சி வகையின் அளவு. 64 பிட் லினக்ஸிலும் மேக்ஓஎஸிலும் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் அது 32 பிட் மட்டுமே. கோப்பின் அளவை வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். ரூபி எண்ணை நம்2லாங் கொண்டு மாற்றினால், லினக்ஸில் எந்தக் கோப்புக்கும் அது சரியாக வேலை செய்யும். விண்டோஸில் அளவு 2147483647 பைட்டைத் தாண்டியதும் வரம்பு மீறல் பிழை எழும். 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைச் சோதனையில் பயன்படுத்தாதவர் கண்ணில் இது படவே படாது. நம்2எல்எல் அல்லது நம்2சைஸ்டி என்று எழுதியிருந்தால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே போக்கு இருந்திருக்கும். இதைவிடக் கொடியது, ரூபிப் பொருளைக் குறிக்கும் வேல்யூ வகையை லாங்காக மாற்றிச் சேமித்து வைப்பது. விண்டோஸில் வேல்யூ 64 பிட், லாங் 32 பிட் என்பதால் முகவரியின் மேற்பாதி வெட்டுண்டுபோகும்; மீண்டும் அதை வேல்யூவாக எடுத்துப் பயன்படுத்தினால் ரூபி வேறெங்கோ சென்று விழும். கம்பைலரின் எச்சரிக்கையைப் படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். ஜெம் நிறுவும்போது ஓடும் எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்பதே உண்மை நிலை.

மூன்று, இணைப்பின் கண்டிப்பு. லினக்ஸிலும் மேக்ஓஎஸிலும் நீட்சியில் தீர்க்கப்படாத பெயர்கள் (எங்கே உள்ளன என்று இன்னும் கண்டறியப்படாத ஃபங்ஷன்கள்) எஞ்சியிருந்தாலும் பைனரி உருவாகிவிடும். அவற்றை ஏற்றும் நேரத்தில் தேடிக்கொள்ளலாம். விண்டோஸில் எல்லாப் பெயர்களும் இணைக்கும்போதே தீர்ந்தாக வேண்டும். நீட்சி இணைக்கப்படும் ரூபி டிஎல்எல்லின் பெயரில் பதிப்பு எண்ணும் அடங்கியிருப்பதால், 3.3-க்கான நீட்சியை 3.4-இல் ஏற்ற முயன்றால் டிஎல்எல்லைக் காணவில்லை என்ற பிழையோடு அங்கேயே நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு முதலில் எரிச்சலூட்டினாலும் நன்மையே செய்கிறது என்று நினைக்கிறேன். லினக்ஸில் இதே பொருத்தமின்மை ஏற்றத்தைத் தாண்டி, ஓடும்போது சரிவாக வெளிப்பட வாய்ப்புண்டு.

முதல் வழி: பயனரின் கணினியில் கம்பைல் செய்வது

ரூபி உலகின் மரபான வழி இதுவே. எழுதுபவருக்கு இதில் வேலை மிகக் குறைவு. ஒரே ஜெம்மை வெளியிட்டால் போதும். எவரும் எதிர்பார்த்திராத செயலியிலும் எஃப்ரீபிஎஸ்டியிலும் கூட அது கம்பைல் ஆக வாய்ப்புண்டு. டிசம்பரில் வரும் புதிய ரூபியிலும் பெரும்பாலும் மாற்றமின்றி வேலை செய்யும். கணினியில் உள்ள லைப்ரரியோடு இணைவதால், அந்த லைப்ரரியின் பாதுகாப்புத் திருத்தங்கள் இயங்குதளத்தின் வழியாகவே வந்துவிடும்.

விலை முழுவதையும் பயனர் கொடுக்கிறார். கம்பைலரும் ஹெடர் கோப்புகளும் அவரிடம் இருக்க வேண்டும். கன்டெய்னரில் ஓட்டுபவர், ஓடும்போது தேவைப்படாத கருவிகளை நிறுவி, பிறகு நீக்க வேண்டும். ஜிஆர்பிசி போன்ற பெரிய ஜெம்மை மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் பல நிமிடங்கள் ஆகும். தானியங்கிச் சோதனையின் ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்தக் காத்திருப்பு திரும்பத் திரும்ப வரும்.

இவற்றை விடவும் என்னைத் தயங்கவைப்பது, எழுதியவர் ஒரு வரிகூட மாற்றாமலேயே நீட்சி உடைந்துபோவது. 2020-இல் வந்த எக்ஸ்கோட் 12, அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. பல ஆண்டுகளாக எச்சரிக்கையோடு கம்பைல் ஆகிவந்த ஜெம்கள் ஒரே இரவில் மேக்ஓஎஸில் நின்றுபோயின. 2024-இல் ஜிசிசி 14 அதையே செய்தது. அத்துடன் பொருந்தாத பாயின்டர் வகைகளையும் பிழையாக்கியது. 2025-இல் வந்த ஜிசிசி 15, சி மொழியின் சி23 தரத்தை இயல்பிருப்பாக்கியது. அந்தத் தரத்தில் வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்த ஃபங்ஷன், எந்த மதிப்பையும் வாங்காத ஃபங்ஷன் என்றே பொருள்படும். ரூபி மெத்தடுகளைப் பதிவுசெய்யும்போது ஃபங்ஷன் பாயின்டர்களைப் பழைய பாணியில் தளர்வாக எழுதிய நீட்சிகளை இது நேரடியாகத் தாக்கியது. கம்பைலர் பயனர் கையில் இருக்கும்வரை, எந்தக் கம்பைலர் என்பதும் அவர் கையில்தான் இருக்கும்.

பிழை வரும்போது பயனர் காண்பது, நேட்டிவ் நீட்சியை உருவாக்க முடியவில்லை என்ற ஒரு பொதுச் செய்தியை மட்டுமே. சில சமயம் கம்பைலரால் இயங்கும் கோப்பை உருவாக்க முடியவில்லை, மேம்பாட்டுக் கருவிகளை முதலில் நிறுவுங்கள் என்றும் வரும். கருவிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போதும் இது வரக்கூடும். ஏனெனில் அம்சங்களைச் சோதிக்கும் முன், எதுவும் செய்யாத வெற்று நிரல் ஒன்றை எம்கேஎம்எஃப் கம்பைல் செய்து பார்க்கும்; எந்தக் காரணத்தால் அது கம்பைல் ஆகாவிட்டாலும் இந்தச் செய்தியைத்தான் காட்டும். உண்மையான காரணம் எம்கேஎம்எஃப் லாக் கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்தால், ஓடிய கட்டளை முழுவதும், கம்பைலர் சொன்ன பிழையும், சோதனைக்காக எழுதப்பட்ட சி நிரலும் வரிசையாக இருக்கும். அந்தக் கட்டளையை அப்படியே முனையத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் காரணத்தைக் கண்டுபிடிக்கக் குறுகிய வழி. முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர், இந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்துப் பதில் சொல்லும் வேலையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டாவது வழி: முன்கூட்டியே கம்பைல் செய்து வெளியிடுவது

எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல் கோப்புகளைப் பகுக்கும் நோக்கோகிரி ஜெம் இந்த வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதை நிறுவ நேரமாகிறது, நிறுவல் தோல்வியடைகிறது என்ற புகார்கள் நெடுங்காலம் ரூபி உலகில் ஓயாமல் இருந்தன. 2021 தொடக்கத்தில் வந்த 1.11 பதிப்பு முதல் லினக்ஸுக்கும் மேக்ஓஎஸுக்கும் பைனரி ஜெம்கள் வரத் தொடங்கின. நிறுவுதல் சில விநாடி வேலையாயிற்று. எஸ்க்யூலைட்3 ஜெம்மும் பின்னர் இதே பாதையில் வந்தது.

இதற்கான கருவிகள் இன்று முதிர்ச்சியடைந்துள்ளன. ரேக்-கம்பைலர் ஒரே மூலத்திலிருந்து பல தளங்களுக்கும் ஜெம்களை உருவாக்குகிறது. ரேக்-கம்பைலர்-டாக் அதற்குத் தேவையான குறுக்குக் கம்பைலர்களை டாக்கர் படிமங்களாகவே தருகிறது. லினக்ஸ் கணினி ஒன்றிலிருந்தே விண்டோஸ், மேக்ஓஎஸ் பைனரிகளை உருவாக்கிவிடலாம். ஒவ்வொரு தளத்துக்குமான ஜெம்முக்குள் 3.2, 3.3, 3.4 என்று ரூபிப் பதிப்புவாரியாக அடைவுகள் இருக்கும். ஜெம்மின் முதன்மைக் கோப்பு, ஓடும் ரூபியின் பதிப்பைப் பார்த்து அதற்குரிய அடைவிலிருந்து பைனரியை ஏற்றும். அங்கே கிடைக்காவிட்டால், மூலத்திலிருந்து கம்பைல் ஆனதைத் தேடும்.

உருவாக்கினால் மட்டும் போதாது, அந்தந்த இயங்குதளத்தில் ஓட்டியும் பார்க்க வேண்டும். லினக்ஸில் பிறந்த விண்டோஸ் பைனரி விண்டோஸில் ஏறுகிறதா என்பதை வெளியிடும் முன்பே தானியங்கிச் சோதனையில் உறுதிசெய்யாதவர், பயனர்களைக் கொண்டு சோதிக்கிறார் என்றுதான் பொருள். இந்த ஒரு படியைத் தவிர்க்க எந்தக் காரணத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

இந்த வழியின் நிலையான செலவு இரண்டு இடங்களில் விழுகிறது. புதிய ரூபி வந்ததும் எல்லாத் தளங்களுக்கும் மீண்டும் கம்பைல் செய்து வெளியிட வேண்டும். அதுவரை பைனரி ஜெம் தன்னைப் புதிய பதிப்புக்கு உரியதல்ல என்று அறிவித்துக்கொள்வதால், நிறுவி மூல ஜெம்மைத் தேடிச் செல்லும். ஆகவே மூல ஜெம்மையும் சேர்த்தே வெளியிடுவது கட்டாயம். மற்றொன்று பாதுகாப்புப் பொறுப்பு. சி லைப்ரரியைப் பைனரிக்குள்ளேயே சேர்த்துவிட்டால், அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஜெம்மையும் புதிதாக வெளியிட வேண்டும். இயங்குதளத்தின் புதுப்பிப்பு அந்தப் பைனரிக்குள் எட்டாது. நோக்கோகிரிக்குள் சேர்ந்து வரும் சி லைப்ரரியான லிப்எக்ஸ்எம்எல்2-இல் திருத்தம் வரும்போதெல்லாம் நோக்கோகிரியும் வெளிவருவதைப் பார்த்தால் இந்தப் பொறுப்பின் அளவு புரியும். அதைத் தொடர்ந்து சுமக்க முடியாதவர், சேர்த்துக் கட்டும் லைப்ரரிகளின் எண்ணிக்கையையாவது குறைத்துக்கொள்ள வேண்டும்.

பயனர் பக்கத்திலும் ஒரு சிறு கவனம் தேவை. மேக்ஓஎஸில் உருவான ஜெம்ஃபைல் லாக் (நிறுவ வேண்டிய ஜெம்களைப் பதிந்துவைக்கும் கோப்பு), லினக்ஸ் சர்வருக்கான தளத்தைக் குறிப்பிடாமல் இருக்கலாம். பண்ட்லரின் லாக் கட்டளையில் அந்தத் தளத்தைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. பைனரி வேண்டாம், மூலத்திலிருந்தே கம்பைல் செய்துகொள்கிறேன் என்பவருக்கும் பண்ட்லரில் அமைப்பு உண்டு.

மூன்றாவது வழி: எஃப்எஃப்ஐ, ஃபிடில்

லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, அதன் சில ஃபங்ஷன்களை அழைத்தால் போதும் என்ற நிலையில் சி நீட்சி எழுதுவதே மிகை. எஃப்எஃப்ஐ ஜெம்மில், ஃபங்ஷனின் பெயர், அது வாங்கும் வகைகள், தரும் வகை ஆகியவற்றை ரூபியிலேயே அறிவித்தால் அழைப்பு தயார். எழுதுபவர் கம்பைல் செய்ய எதுவுமில்லை. ரூபிப் பதிப்பு மாறினாலும் கவலையில்லை. ஜாவாவின் மேல் ஓடும், சி நீட்சிகளை ஏற்காத ஜேரூபியிலும் அதே நிரல் ஓடும்.

ஆனால் இயங்குதள வேறுபாடுகள் மறைந்துவிடுவதில்லை, இடம்தான் மாறுகின்றன. லைப்ரரியின் கோப்புப்பெயர் மூன்று இயங்குதளங்களிலும் வேறு வேறு. லாங் வகையின் அளவு குறித்த சிக்கல் இங்கேயும் உண்டு. சொல்லப்போனால் இன்னும் மோசமாக உண்டு. சி கம்பைலராவது ஹெடர் கோப்பைப் பார்த்து வகைகளைச் சரிபார்க்கும். இங்கே நாம் எழுதிய அறிவிப்பைச் சரிபார்க்க எவரும் இல்லை. ஒரு கட்டமைப்பின் புலங்களைத் தவறான வரிசையில் அறிவித்தால், தவறான மதிப்புகள் அமைதியாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஆகும் செலவும் சி நீட்சியை விடக் கூடுதல். கோப்பு ஒன்றை ஒருமுறை சுருக்கித் தரும் ஃபங்ஷனுக்கு அது பொருட்டில்லை. படம் ஒன்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு அது தாங்காது.

ஃபிடில் கிட்டத்தட்ட இதே வேலையைக் குறைந்த வசதிகளோடு செய்கிறது. இரண்டு மூன்று ஃபங்ஷன்களுக்கு மேல் தேவைப்பட்டால் எஃப்எஃப்ஐ படிக்க எளிதாக இருக்கும்.

சி நீட்சி தேவைதானா

வேகத்துக்காக மட்டும் நீட்சி எழுத நினைப்பவர் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ரூபி நிரலை ஓடும்போதே கம்பைல் செய்யும், ரூபி 3.1-இல் வந்த ஒய்ஜிட் கம்பைலர் அடுத்தடுத்த பதிப்புகளில் வெகுவாக முன்னேறியுள்ளது. ரூபியில் எழுதிய மெத்தடை அதனால் விரைவாக்க முடியும்; சி ஃபங்ஷனுக்குள் அதனால் நுழைய முடியாது. ரூபி 3.4-இல் அரே வகையின் ஈச் மெத்தடே சி-யிலிருந்து ரூபிக்கு மாற்றி எழுதப்பட்டது என்பது இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. ரூபியின் கருவை எழுதுபவர்களே சி நிரலைக் கைவிடும் இடங்கள் இருக்கும்போது, செருகுநிரல் எழுதுபவர் அளந்து பார்க்காமல் சி-க்குத் தாவுவதில் பொருளில்லை. புதிதாகவே தொடங்குபவர்கள் சி-க்குப் பதிலாக ரஸ்ட்டில் நீட்சி எழுதுவதையும் பார்க்கலாம். நினைவகப் பிழைகள் குறையும். ஆயினும், மூல ஜெம்மாக வெளியிட்டால் பயனரிடம் ரஸ்ட் கம்பைலர் இருக்க வேண்டும் என்பதால், அதற்கும் இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தாய்ச்செயலிக்குள் ஓடும் செருகுநிரல்கள்

ஜெம்முக்கு இருக்கும் தெரிவுகள் எல்லாம், வேறொரு மென்பொருளுக்குள் ஓடும் செருகுநிரலுக்குக் கிடைப்பதில்லை. அங்கே எந்த ரூபி என்பதைத் தாய்ச்செயலியே தீர்மானிக்கிறது.

முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான ஸ்கெட்ச்அப் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதனுள் ரூபி பொதிந்திருக்கிறது. 2014 பதிப்பில் ரூபி 2.0, 2019-இல் 2.5, 2024-இல் 3.2. செருகுநிரலைப் பயன்படுத்துபவர்கள் கட்டடக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும். அவர்கள் கணினியில் கம்பைலர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரி ஒன்றே வழி. ஆதரிக்கும் ஒவ்வொரு ஸ்கெட்ச்அப் பதிப்புக்கும் அதற்குரிய ரூபியின் ஹெடர்களைக் கொண்டு, விண்டோஸுக்கு ஒன்றும் மேக்ஓஎஸுக்கு ஒன்றுமாக நீட்சியைக் கம்பைல் செய்து, ஓடும் ரூபியின் பதிப்பைப் பார்த்து ஏற்ற வேண்டும். ரூபிஇன்ஸ்டாலரில் கம்பைல் ஆகிவிட்டது என்பதால் இங்கும் ஏறிவிடும் என்று நம்பக்கூடாது. நீட்சி தேடும் டிஎல்எல்லின் பெயரும் தாய்ச்செயலி ஏற்றியிருக்கும் டிஎல்எல்லின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே ரூபியைப் பகிர்ந்துகொள்ளும்.

மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் வேக்ரன்டும் தனக்கென்று ஒரு ரூபியைச் சுமந்து வருகிறது. அதன் செருகுநிரல்கள் ஜெம்களாகவே நிறுவப்படுவதால் கம்பைல் செய்யும் வாய்ப்பு உண்டு. ஆனால் வேக்ரன்டோடு வந்த லைப்ரரிகளும் கணினியில் உள்ளவையும் மோதிக்கொள்ளும் இடங்கள் உண்டு. லாக் பதிவுகளைத் திரட்டும் ஃப்ளூயன்ட்டியின் தொகுப்பிலும் உள்ளே ரூபி உண்டு. அதற்குரிய ஜெம் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும், இல்லையேல் நீட்சி வேறொரு ரூபிக்காகக் கம்பைல் ஆகிவிடும். அதே வகை வேலையைச் செய்யும் லாக்ஸ்டாஷ் ஓடுவது ஜேரூபியில் என்பதால் அங்கே சி நீட்சிக்கு இடமே இல்லை. எஃப்எஃப்ஐ அல்லது ஜாவா லைப்ரரி என்ற இரண்டு வாசல்கள் மட்டுமே திறந்திருக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது

தாய்ச்செயலி இருந்தால் அதன் ரூபி எது என்று பாருங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். ஜெம்மாக வெளியிடுவதாக இருந்து, தேவை ஒரு லைப்ரரியின் சில ஃபங்ஷன்கள் மட்டுமே என்றால், எஃப்எஃப்ஐயில் தொடங்கி அழைப்புச் செலவை அளந்து பாருங்கள். அது தாங்காத இடத்தில் சி நீட்சி எழுதுங்கள். அந்த நீட்சி உங்கள் குழுவுக்குள்ளேயே, ஒரே வகை சர்வரில் மட்டும் ஓடப்போகிறது என்றால் மூல ஜெம் போதுமானது. அங்கே எந்தக் கம்பைலர் என்பது உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது.

முன்பின் அறியாதவர்கள் நிறுவப்போகும் நீட்சிக்கு, மூல ஜெம்மோடு பைனரிகளையும் சேர்த்து வெளியிடுவதையே நான் பரிந்துரைப்பேன். எல்லாத் தளங்களையும் ஒரே நேரத்தில் தொட வேண்டியதில்லை. ஜிலிப்சி லினக்ஸின் இன்டெல், ஆர்ம் ஆகிய இரண்டு வகைகள், ஆப்பிள் சிலிக்கான் மேக்ஓஎஸ், யூசிஆர்டி விண்டோஸ் என்ற நான்கில் தொடங்கலாம். கன்டெய்னர் பயனர்கள் கேட்கும்போது மசில் லினக்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்டெல் மேக்ஓஎஸின் தேவை குறைந்துகொண்டே வருகிறது. ஆர்ம் விண்டோஸின் தேவை இப்போதுதான் தொடங்குகிறது. இரண்டையும் மூல ஜெம்மே கவனித்துக்கொள்ளட்டும். மூல ஜெம்மையும் புதிய ஜிசிசியிலும் புதிய கிளாங் கம்பைலரிலும் எச்சரிக்கைகளைப் பிழைகளாக்கும் தெரிவோடு தொடர்ந்து சோதித்துவந்தால், அடுத்த கம்பைலர் கண்டிப்பு எங்கிருந்து வரும் என்பது பயனருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ரூபியின் முன்னோட்டப் பதிப்புகள் ஆண்டின் நடுவிலிருந்தே கிடைப்பதால், அவற்றையும் அதே சோதனையில் சேர்த்துவிடுங்கள். டிசம்பர் 25-க்குப் பிறகு எஞ்சியிருப்பது மீண்டும் கம்பைல் செய்து வெளியிடும் வேலை மட்டுமே.